வலது மூலைக்காரர்

கபடி விதிகளில் நகத்துக்கென்று ஒரு விதி உண்டு. ஆட்டக்காரர்கள் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் அதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நான் நடுவராக இருந்த ஆறு ஆண்டுகளில் அந்த விதியை என்னைத் தவிர இன்னொருவர் மட்டுமே மதித்தார். மைதானத்துக்குள் வந்ததும் நேராக என்னிடம் வருவார். பத்து விரல்களையும் விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் தலையசைக்கும்வரை இறக்கமாட்டார். பிறகு தன் அணிக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து அவர்கள் கைகளையும் காட்டுவார். யாருடைய நகமாவது வளர்ந்திருந்தால் டவுசர் மடிப்பிலிருந்து பிளேடை எடுத்து அங்கேயே வெட்டிவிடுவார். வெட்டப்படுகிறவர் வாய்க்கு வந்தபடி வைவார். அது அவருக்குக் கேட்காது.

அவர் பெயர் எனக்குத் தெரியும். போட்டிப் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். ஆனால் கூப்பிட்டால் திரும்ப முடியாத ஒருவரை ஊரார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவர் ஊமையன். நானும் பல காலம் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சு வரவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள ஊருக்கு நேரமில்லை. எனக்கும் இருக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எந்தத் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும், போகும் வழியில் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாரத்தில் ஆறு நாள் விதி பார்த்தது போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க ஆசைப்பட்டு, கபடிச் சங்கம் நடத்திய நடுவர் தேர்வை எழுதினேன். நான் கபடி ஆடியதே இல்லை. தேர்வுக்கு அது தேவைப்படவுமில்லை.

அவர் தேனியில் பருத்தி அரைக்கும் ஆலையில் பொதி தூக்கினார். ஆட்டம் ஓடைப்பட்டி அணிக்கு. எதிரணியிலிருந்து ஒருவர் ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு நுழைவார். அதற்குப் பாடிப்போவது என்று பெயர். சொல்லுக்குப் பெயர் பாட்டு. பாடி வருகிறவரை ஏழு பேர் வளைத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஏழில் வலது மூலையில் நிற்பவர் இவர். பாடி வருகிறவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். காலைத்தான் பார்ப்பார். பெருவிரல் எந்தப் பக்கம் மண்ணை அழுத்துகிறது என்று பார்த்தால் ஆள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த கணம் கணுக்கால் அவர் கையில் இருக்கும்.

பிடித்தால் விடமாட்டார். இது பாராட்டு இல்லை, நிர்வாகப் பிரச்சினை. பாடியவன் மூச்சை விட்டதும் நடுவர் விசில் ஊதுவார், எல்லாரும் விட்டுவிடுவார்கள். இவருக்கு விசில் கேட்காதே! வடுகபட்டியில் ஒருமுறை நான் மூன்று தடவை ஊதியும் ஒருவன் காலை விடவில்லை. அவன் வலி தாங்காமல் இவர் தோளைக் கடித்துவிட்டான். கடித்த பிறகும் விடவில்லை. கடைசியில் ஓடைப்பட்டி கேப்டன் ஓடிவந்து முதுகில் தட்டியதும், ஒன்றுமே நடக்காததுபோலக் காலை மெதுவாகத் தரையில் வைத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணையும் தட்டிவிட்டார்.

அன்று நான் ஒரு நடைமுறை வகுத்தேன். இவர் ஆடும் ஆட்டங்களில் நடுவர் விசில் ஊதும்போதே வெள்ளைக் கைக்குட்டையையும் உயர்த்த வேண்டும். உயர்த்தாதவரை இவரைப் பொறுத்தமட்டில் ஆட்டம் நிற்கவில்லை. புள்ளித்தாளின் பின்பக்கத்தில் எழுதி இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி, நானும் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அதையே செய்தோம். எனக்கு அதில் பெருமைதான். இரக்கப்பட்டுச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத்தில் இருந்தால்தான் அது நாளைக்கும் இருக்கும்.

மைதானத்துக்கு வெளியிலும் அவர் பிடிப்பார். பேசும்போது, அதாவது கையாலும் முகத்தாலும் பேசும்போது, ஒரு கையால் நம் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். காரணம் பிறகுதான் புரிந்தது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவருக்குப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நமக்கோ, முகத்தைத் திருப்பிக்கொண்டே பத்து நிமிடம் பேச வரும். அலுவலகத்தில் நாங்கள் வேறெதுவும் செய்ததில்லை.

அவருக்கு இருந்த ஒரே குறை, பாடிப்போக முடியாது. மற்ற ஆறு பேரும் மாறிமாறிப் போய்வந்தார்கள். சிக்கல் வருவது அணியில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறி, இவரும் இன்னொருவரும் மட்டும் மிஞ்சும்போது. அந்த இன்னொருவரும் போய்விட்டால் கடைசி ஆளாக நிற்கிற இவர்தான் பாடிப்போக வேண்டும். பாட்டில்லாமல் கோட்டைத் தாண்டினால் விதிப்படி திருப்பி அனுப்பிவிடுவோம். அதனால் ஓடைப்பட்டிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மிஞ்சியதும் கேப்டன் இவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே இவர் மற்றவருக்கு முன்னால் போய் நின்று, பாடி வருகிறவன் தன்னைத் தொடும்படி கொடுத்துவிடுவார். அந்தச் சுற்று வட்டாரத்தின் மிகச் சிறந்த பிடிகாரர், பேசத் தெரிந்த ஒருவன் மிஞ்சுவதற்காகத் தானே போய் வெளியே உட்கார்ந்துகொள்வார். பல முறை பார்த்திருக்கிறேன். அதில் தவறு எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. விதிமீறல் இல்லையே!

மதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்று அப்போது சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து அணி நடத்திவந்தது. காலையில் ஆலையில் பெயருக்கு வேலை, மாலையில் ஆட்டம், ஊர் ஊராகப் போட்டிகள். கபடியே பிழைப்பு. சின்னமனூரில் நடந்த போட்டியில் ஆள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு இவர் தன் அக்காவோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அந்த அம்மாளும் அதே பஞ்சாலையில்தான் வேலை, தலைமுடியெல்லாம் பஞ்சு.

“சாரு, வலது மூலையில நிக்குதுல்ல, அதோட அக்கா நானு. மில்லுக்காரவுக தம்பியப் பத்திக் கேட்டாகளாம். பிடிக்கு ஆளு சரிதேன், கடைசியா நின்னா யாரு பாடுவான்னு சொன்னாகளாம்.”

“நியாயமான கேள்விதானேம்மா.”

“தம்பி பாடுது சாரு.”

அவள் அவரைப் பார்த்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவர் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ‘ம்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவது போன்ற சத்தம். ஏறவில்லை, இறங்கவில்லை. டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது விநாடி ஓடியது.

“சரிம்மா. சொல் எங்கே?”

“எந்தச் சொல்லு?”

“கபடி.”

“அதச் சொன்னா நான் எதுக்கு சாரு உங்ககிட்ட வாரேன்?”

விதியில் உள்ளதைச் சொன்னேன். அனுமதிக்கப்பட்ட சொல், தெளிவாக, உரக்க, ஒரே மூச்சில். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“மூச்சு விட்டானா இல்லையான்னு தெரியத்தான சாரு பாட்டு? இதுவும் நின்னாத் தெரிஞ்சுரும்ல? உங்க டைப்பு அடிக்கிற அம்மாவுக்கே தெரிஞ்சுச்சே.”

அந்த விதியை நான் தேர்வுக்காக வரிவரியாகப் படித்தவன். அது எதற்காக இருக்கிறது என்று அன்றுவரை யோசித்ததில்லை. ஆனால் பதில் தெரியாத இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

“மனுவா எழுதிக் குடுங்க. சங்கத்துக்கு அனுப்புறேன்.”

“எத்தன நாளாகும்?”

“ரெண்டு மாசம் ஆகலாம்.”

“ஆட்டம் ஞாயித்துக்கெழம சாரு.”

நான் மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டை விட்டார். அவராக விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரில் எதிரணி தேனிக்காரர்கள். நான் பக்கவாட்டு நடுவர். தலைமை நடுவராக ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் ஒருவர். மில்லின் விளையாட்டு அதிகாரி வெள்ளைப் பேன்ட்டோடு முதல் வரிசை நாற்காலியில் இருந்தார். அவரை யாரும் எனக்குக் காட்டவேண்டியிருக்கவில்லை. மைதானத்தில் இருந்த பதினான்கு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஓடைப்பட்டி சரிந்தது. ஒவ்வொருவராகப் போய், கேப்டனும் இவரும் மிஞ்சினார்கள். கேப்டன் வழக்கம்போல முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். இவர் திரும்பிப் பார்த்தார். மாட்டேன் என்று தலையாட்டினார்.

“ஏலே, என்னாடா? முன்னால போடா!”

தேனிக்காரன் பாடிக்கொண்டு வந்தான். இவர் ஒதுங்கி நின்றார். கேப்டன் தொடப்பட்டு வெளியே போனார். போகும்போது இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊமையன் கவுத்துட்டாய்ன்டா!” என்றது கூட்டம். “முடிஞ்சுச்சு, பந்தலப் பிரிங்கப்பா!”

இவர் நடுக்கோட்டுக்கு வந்து குனிந்து மண்ணைத் தொட்டார். மூச்சை இழுத்தார். அந்த மாவு மில் சத்தம் கிளம்பியது. கோட்டைத் தாண்டினார். நான் விசில் ஊதினேன்.

தேனிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். இவர் நிற்கவில்லை. உள்ளே போய் ஒருவனைத் தொட்டார், அடுத்தவனைத் தொட்டார். மூன்றாமவன், “விசிலு ஊதியாச்சுப்பா, போப்பா” என்று சிரித்துக்கொண்டே தொடக் கொடுத்தான். மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கூட்டத்தில் பாதி கத்தியது, பாதி சிரித்தது. அவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்.

டிரில் வாத்தியார் என்னிடம் வந்தார். “எதுக்கு ஊதினீங்க?”

“பாட்டு இல்ல சார்.”

“சரி. கைக்குட்டையத் தூக்கினீங்களா?” என்று கையை உயர்த்தியும் காட்டினார்.

நான் வகுத்த நடைமுறை. நான் கையெழுத்திட்ட தாள். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அறுநூறு பேர் பார்க்க, விதி பார்ப்பதற்கென்றே பிறந்தவனாக என்னை நினைத்துக்கொண்டிருந்த நான், “தூக்கினேன்” என்றேன். தலையையும் ஆட்டினேன்.

வலது மூலைக்காரருக்குச் சொல் கேட்காது. தலையாட்டல் தெரியும். கோட்டருகில் இருந்து நேராக வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையை என் சட்டைப் பைக்குள் விட்டுக் கைக்குட்டையை வெளியே எடுத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் நான்காக மடிந்திருந்தது. அதை அப்படியே தலைக்கு மேல் உயர்த்திக் கூட்டத்துக்கு ஒரு சுற்றுக் காட்டினார்.

“சாரு பாக்கெட்டுக்குள்ளயே தூக்கிருக்காருப்பா!” என்றான் ஒருவன்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. டிரில் வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. “மறுபடியும் பாடச் சொல்லுங்க,” என்றார். “பாட்டா இல்லையான்னு சொல்ல வேண்டியது நீங்கதான். வேற யாரும் சொல்ல முடியாது. இந்தத் தடவையாவது கேட்டுட்டுச் சொல்லுங்க.”

அவர் மறுபடியும் கோட்டைத் தாண்டினார். நான் பக்கக் கோட்டோரம் கூடவே நடந்தேன், கேட்டுக்கொண்டே. ஆறு ஆண்டுகளில் ஒரு பாட்டை நான் உண்மையாகக் கேட்டது அன்றுதான். கேட்டபோது இன்னொன்றும் உறைத்தது. பேச்சு வருகிறவர்கள் எவரும் ‘கபடி’ என்று முழுசாகச் சொன்னதேயில்லை. முதல் இரண்டு மூன்று தடவை சொல்லுவார்கள். அப்புறம் அது ‘பட்டி பட்டி’ ஆகும், ‘டிட்டிட்டி’ ஆகும், கடைசியில் வெறும் நாக்குச் சத்தம். அத்தனையையும் தெளிவான பாட்டு என்று நான் அனுமதித்திருக்கிறேன். இவருடையதில்தான் எதுவும் தேயவில்லை.

இந்த முறை தேனிக்காரர்கள் விளையாடினார்கள். ஒருவன் காலைப் பிடித்தான், ஒருவன் இடுப்பை, இருவர் மேலே விழுந்தார்கள். நால்வருக்குக் கீழே முகம் மண்ணில் புதைய அவர் கிடந்தார். நடுக்கோடு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பாட்டு நிற்பதற்குள் விரல் கோட்டைத் தொட்டால் நான்கு பேரும் வெளியே. நின்றுவிட்டால் இவர் வெளியே, எல்லாம் முடிந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “நின்னுருச்சு சார், ஊதுங்க!” என்று தேனி கேப்டன் கத்தினார். விசில் என் வாயில் இருந்தது.

நான் மண்டியிட்டு, மேலே கிடந்தவனின் கைக்கு அடியில் என் கையை நுழைத்து, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். எந்த விதிப்புத்தகத்திலும் இதற்கு இடமில்லை. முதுகு அதிர்ந்துகொண்டிருந்தது, எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் பஸ்ஸின் பானெட் மாதிரி. விரல்கள் மண்ணைப் பிறாண்டி நகர்ந்தன. அரை முழம். கால் முழம். அதிர்வு மெலிந்தது, அறவில்லை. நடுவிரல் கோட்டில் பட்டது.

“பாட்டு உண்டு. நாலு பேரும் வெளியே,” என்றேன்.

ஓடைப்பட்டி இரண்டு புள்ளியில் ஜெயித்தது. மில் அதிகாரி எழுந்து வந்து அவர் முன்கையை அமுக்கிப் பார்த்தார், மாடு வாங்குகிறவர்போல. பிறகு அக்காவிடம், “தேனிக்காரவுக எழுத்துல முறையீடு குடுத்துருக்காக,” என்றார். “இவரு பாடிப்போன அந்த ரெய்டு சங்கத்துல நின்னுச்சுன்னா ஆள எடுத்துக்கிறோம். நிக்கலேன்னா, கடைசி ஆளா நிறுத்த முடியாதவர வச்சு நாங்க என்ன செய்ய?”

முறையீட்டில் மூன்று புகார். அனுமதிக்கப்பட்ட சொல் இல்லை. பாடிப்போனவரை நடுவர் தொட்டார். ஐந்து நிமிடம் முன்பு பாட்டில்லை என்று நிறுத்திய அதே சத்தத்தை அதே நடுவர் பாட்டு என்று ஏற்றார். மூன்றாவதுதான் கூர்மையானது; எழுதியவர் என்னைப் போல ஒரு எழுத்தராக இருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் விளக்கம் தரும்படி சங்கம் எனக்குக் கடிதம் அனுப்பியது.

விளக்கம் எழுதுவது என் தொழில். ஒரு தகவலும் இல்லாமல் இரண்டு பக்கம் எழுத முடியும். கூச்சல் அதிகமாக இருந்தது, வெளிச்சம் குறைவு, நல்லெண்ணத்தில் செயல்பட்டேன், வருந்துகிறேன் என்று எழுதினால் என்னை எச்சரித்து விட்டுவிடுவார்கள். ரெய்டை ரத்து செய்வார்கள். ஒரு வரைவு அப்படியே எழுதியும் வைத்தேன். நன்றாக வந்திருந்தது. அதைக் கிழித்தேன். ரெய்டு நிற்க வேண்டுமானால் முதல் விசில் தவறு என்று நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் கைக்குட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். முதல் தடவை நான் பாட்டைக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்து ஊதினேன். கைக்குட்டையைத் தூக்கவில்லை, தூக்கியதாகத் தலைமை நடுவரிடம் பொய் சொன்னேன். ஆறு ஆண்டுகளாகச் சொல்லே இல்லாத பாட்டுகளை அனுமதித்திருக்கிறேன். இரண்டாம் தடவை பாட்டு அறவில்லை. காதால் கேட்க முடியாததால் கையால் பார்த்தேன். அரைப் பக்கம் வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய விளக்கம் அது.

சங்கம் அந்த ரெய்டு செல்லுபடியாகும் என்றது. நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கியது. இரண்டுமே சரியான முடிவுகள். அந்தக் குழுவில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அவர் மில் அணிக்குப் போனார். பதினோரு ஆண்டுகள் வலது மூலையில் நின்றார்.

அவர் அங்கே போன மறு ஆண்டு அந்த அணி தேனிக்கு ஆட வந்தது. நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் மூங்கில் தடுப்போரம் நின்றேன். ஆட்டத்தின் நடுவில் மில் அணியில் ஆட்கள் குறைந்து, கடைசியில் அவர் ஒருவர் மட்டும் நின்றார். குனிந்து மண்ணைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினார். எனக்குத் தெரியாத புது நடுவர் ஒருவர், பக்கக் கோட்டோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

“ஏலே, சத்தம் போடாதீகடா,” என்றார் என் பக்கத்தில் நின்ற பெரியவர். “நடுவருக்குப் பாட்டு கேக்கணும்ல.”

அது தடுப்போரமாகவே பரவியது. அங்கன ஒருவர் இங்கன ஒருவராக வாயில் விரல் வைத்தார்கள். கடலை விற்றவன் கூவுவதை நிறுத்தினான். தேனிக் கூட்டம் அப்படி வாயை மூடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்த அமைதியில் அவருடைய ‘ம்’ மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

யாரையும் தொட முடியவில்லை. வெறுங்கையோடு கோட்டுக்குத் திரும்பினார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை வாயும் மூடியிருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் சுருங்க, அவசரமாக நடுவர் பக்கம் திரும்பினார்.

நடுவர் கையை வீசி, அடுத்த ஆள் வரலாம் என்று எதிரணிக்குக் காட்டினார்.